ரெத்தினத்தின் பெயரில் ஒரு நெஞ்சுப்படம்

மே 10, திங்கள்

இன்று முதல் ஊரடங்கு. தண்ணீர் லாரி வரவில்லை. மாநகராட்சிக்குப் போன் செய்தேன். எடுத்தவன் பெயரைச் சொல்ல மறுத்தான். அதையும் இங்கே எழுதி வைக்கிறேன். என்றைக்காவது கேட்பேன்.

ரெத்தினத்துக்கு வெள்ளிக்கிழமையிலிருந்து காய்ச்சல். இருமலும் சேர்ந்துகொண்டது. பின் தெருவில் குப்பையை எரிக்கிறார்கள், அந்தப் புகைதான் என்று சொன்னேன். அடுத்த வீட்டுச் செல்லக்கனி மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, அக்காளுக்கு ஒரு ஸ்கேன் எடுத்துப் பாருங்கள் அண்ணாச்சி, எங்கள் சித்தப்பாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது என்றாள். அவளுடைய சித்தப்பா போன வாரம் இறந்துபோனார். அதை அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஸ்கேன் எடுக்க எங்கே போவது? ஊரில் இப்போது திறந்திருப்பது அந்த ஒரு மையம்தான். மீசை கறுப்பாக இருந்தபோது அதற்குள் நுழைந்தேன். நரைத்த பிறகு வெளியே அனுப்பினார்கள். இருட்டறையில் எக்ஸ்ரே படம் கழுவுகிற வேலை. எனக்கு யாரும் ஒன்றும் சொல்லித்தரவில்லை. ஈரம் சொட்டும் படத்தைச் சிவப்பு விளக்கில் தூக்கிப் பிடித்து, பிறகு பெரிய டாக்டர் எழுதும் குறிப்போடு ஒப்பிட்டுப் பார்த்து நானே கற்றுக்கொண்டேன். நான் சொன்னதும் அவர் எழுதியதும் ஒன்றாக இருந்த நாட்கள் உண்டு. ஆனாலும் சான்றிதழ் வைத்திருந்த பையன்கள்தான் வெள்ளைக்கோட்டு போட்டார்கள். கம்ப்யூட்டர் வந்ததும் பெரிய டாக்டரின் மகன், "இனிமே இருட்டறை வேண்டாம் தவமணி" என்றார். என் வயதுக்குப் பாதி இருக்காது அவருக்கு. பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்.

அந்த வாசலை இனி மிதிக்கமாட்டேன் என்று ரெத்தினத்திடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். இன்று அவள் அதை ஞாபகப்படுத்தவில்லை. சும்மா இருமிக்கொண்டு இருந்தாள்.

எனக்கு ஒன்றும் இல்லை. அலுப்பு மட்டும்தான்.

மே 12, புதன்

போனோம். செல்லக்கனியின் மருமகன் ஆட்டோவில் கொண்டுபோய் விட்டான்.

உள்ளே விடவில்லை. வாசலில் பந்தல் போட்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தள்ளித் தள்ளி வைத்திருந்தார்கள். பக்கவாட்டுக் கதவு வழியாக நான் எத்தனை வருடம் போய்வந்திருப்பேன். அதன் முன்னால் ஒரு காவலாளி நின்று, "பெரியவரே, அங்க உக்காருங்க" என்றான். இரண்டு பேருக்கும் எடுத்துவிடுங்கள் என்று கவுன்டர் பெண் சொன்னாள். ஒரே வீட்டில் இருக்கிறவர்களாம். சரி, எடுக்கட்டும் என்றேன். பெயரும் வயதும் எழுதிக்கொண்டாள். ரெத்தினத்தின் பெயர் முதலில், என் பெயர் அடுத்து. மூக்கிலும் குச்சியை விட்டு எடுத்தார்கள். அந்த முடிவு வர நாளாகுமாம்.

வெயில் ஏறிக்கொண்டே போனது. ரெத்தினத்துக்குச் சர்க்கரை உண்டு, அடிக்கடி பாத்ரூம் போக வேண்டும். அவள் பின்பக்கம் போயிருந்த நேரத்தில் ரெத்தினம் என்று கூப்பிட்டார்கள். ஒரு தடவைதான் கூப்பிடுவார்கள். இல்லையென்றால் வரிசையின் கடைசிக்குத் தள்ளிவிடுவார்கள். அவ்வளவு நேரம் காத்திருந்துவிட்டு இடத்தை விட என்னால் முடியாது. எழுந்து நான் போனேன்.

உள்ளே தலைமுதல் கால்வரை பிளாஸ்டிக் உடை போட்ட ஒருவன். கண்ணாடிக்குள் நீராவி படர்ந்து அவன் கண்ணே தெரியவில்லை. மேசையைக் கையால் காட்டினான். நான் யார் என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் போய்விட்டான். ரெத்தினம் என்று ஆண்களுக்கும் பெயர் உண்டுதான். அவனுக்குச் சந்தேகம் வரக் காரணமில்லை. மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி இயந்திரம் பேசியது. அவ்வளவு நேரம் பிடிக்கச் சொல்வது தவறு. எங்கள் காலத்தில் ஒரு நொடியில் வேலை முடியும். எனக்கு இருமல் வந்தது. அது அந்த அறையின் குளிரால்.

வெளியே வந்தபோது தவமணி என்று கூப்பிட்டார்கள். ரெத்தினம் திரும்பி வந்து நின்றுகொண்டிருந்தாள். நீ போ, தவமணி பெண்களுக்கும் உள்ள பெயர்தான் என்றேன். போனாள்.

சாயங்காலம் கவுன்டர் பெண் எழுந்து, "ரெத்தினம் யாரு?" என்றாள். ரெத்தினம் எழுந்து நின்றாள். இரண்டு பக்கமும் பாதிக்கு மேல் போய்விட்டது, இப்போதே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும், ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாகிவிட்டது என்றாள். தவமணிக்கு நெஞ்சு சுத்தம், வீட்டிலேயே இருக்கலாம் என்றாள்.

ரெத்தினம் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னங்க, நீங்கதான மொதல்ல..." என்று ஆரம்பித்தாள். இருமல் வந்துவிட்டது.

"ஏளா, பேசாத. மூச்சு வாங்கும்," என்றேன்.

ஆம்புலன்ஸில் என்னை ஏற்றவில்லை. நெஞ்சு சுத்தமானவர்களை ஏற்றமாட்டார்களாம். படம் டாக்டருக்குப் போனில் போய்விட்டது என்று சொல்லி, பெரிய கவர் இரண்டையும் என் கையில் தந்தார்கள்.

மே 13, வியாழன்

கவர்களைப் பீரோவின் மேல் வைத்திருக்கிறேன். பார்க்கவில்லை. வீட்டில் வெளிச்சம் போதாது. கண்ணும் முன்போல் இல்லை.

துளசிக்குத் தண்ணீர் ஊற்றினேன். ரெத்தினம் ஊறப்போட்டிருந்த உளுந்து புளித்திருக்கும். வாசனை எதுவும் தெரியவில்லை, ஆனால் புளித்துத்தான் இருக்கும். கொட்டிவிட்டேன்.

மையத்தில் இருட்டறைக்கு வெளியே ஒரு அலமாரி இருந்தது. வாங்கிக்கொண்டு போகாத படங்கள் அதில் இருக்கும். ஏன் வாங்க வரவில்லை என்று ஆரம்பத்தில் எனக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் வெள்ளை ஏறிய படங்களைத்தான் யாரும் வாங்க வருவதில்லை என்று பிறகு தெரிந்தது. வருடத்துக்கு ஒருமுறை, படத்தில் பூசியிருக்கும் வெள்ளியைப் பிரித்தெடுக்கிற வியாபாரி வந்து எடைக்கு வாங்கிப் போவான். மருந்தில் போட்டுக் கழுவினால் நெஞ்சு, எலும்பு, பெயர் எல்லாம் கரைந்து வெறும் பிளாஸ்டிக் தாள் மிஞ்சும்.

ஏன் இதை எழுதுகிறேன் என்று தெரியவில்லை. தூக்கம் வரவில்லை.

மே 14, வெள்ளி

செல்லக்கனி வாசல் கேட்டில் இட்லி தொங்கவிட்டுப் போனாள். சட்னியில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. கஞ்சப்பிசினாரி. சொன்னேன். அவள் கோபப்படவில்லை. "எங்க வீட்டுல எல்லாரும் உறைக்குதுன்னு தண்ணி குடிக்காவ அண்ணாச்சி," என்றாள். என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

மே 15, சனி

ஆஸ்பத்திரியிலிருந்து போன். டாக்டர் நிலோபர் என்று ஒரு பெண். குரலைக் கேட்டால் படித்து முடித்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. எடுத்ததும் தாத்தா என்றாள். எனக்குப் பேரன் பேத்தி கிடையாது, பிள்ளையே கிடையாது என்று சொன்னேன். சரிங்க ஐயா என்றாள்.

ரெத்தினத்துக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதாம். நடக்கச் சொன்னால் நடக்கிறாளாம். ரத்தத்தில் பிராணவாயு சரியாக இருக்கிறதாம். படம் மட்டும்தான் பயப்படுகிற மாதிரி இருக்கிறது, ஆளுக்கும் படத்துக்கும் பொருந்தவில்லை என்றாள்.

"ஸ்கேன் எடுக்கப்போ ஆள் மாறிப்போச்சுன்னு உங்க வீட்டம்மா சொல்றாங்க. அவங்க பேர்ல நீங்க உள்ள போனதா. அப்படி நடந்துச்சா ஐயா? யோசிச்சுச் சொல்லுங்க. அவங்களுக்குச் சர்க்கரை இருக்கு, நான் இதை வச்சுத்தான் ஸ்டீராய்டு ஊசி ஆரம்பிக்கணுமா வேண்டாமான்னு முடிவு பண்ணணும்."

சொல்ல வேண்டியதைச் சொன்னேன். நீ பிறப்பதற்கு முன்னாலிருந்து நான் நெஞ்சுப்படம் பார்க்கிறவன் என்றேன். எந்த மையம், எந்த வருடத்திலிருந்து என்று சொன்னேன். படம் பொய் சொல்லாது என்றேன். மனிதர்கள் நன்றாக இருப்பதுபோல் நடப்பார்கள், உள்ளே வெந்துகொண்டிருக்கும், நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன் என்றேன். அதில் எதுவும் பொய் இல்லை. வேறு சிலதும் சொன்னேன்.

பிறகு, நீங்கள் அந்தத் தொழிலில் இருந்தவர், உங்களுக்குத் தெரியாமல் இருக்காது, அப்படியானால் காத்திருக்க முடியாது, படத்தைத்தான் நம்ப வேண்டும் என்றாள். என் மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். லைன் சரியில்லை என்றேன்.

ஒரு டாக்டர் என்னிடம் யோசனை கேட்டு அதன்படி செய்வது இதுதான் முதல்முறை.

மே 16, ஞாயிறு

ஊசி போட ஆரம்பித்துவிட்டார்கள்.

மே 17, திங்கள்

தண்ணீர் வந்தது. குடத்தைத் தூக்கிச் சமையலறைக்குக் கொண்டுபோவதற்குள் மூன்று இடத்தில் வைத்து எடுக்க வேண்டியிருந்தது. புதுக் குடம், கனம் அதிகம். முன்பெல்லாம் குடம் மெல்லிசாக இருக்கும்.

வீடு வீடாகக் காய்ச்சல் பார்க்கிற மாநகராட்சிப் பெண்கள் இரண்டு பேர் வந்தார்கள். கேட்டிலேயே நிற்க வைத்தேன். ஒருத்தி என் விரலில் பிராணவாயு பார்க்கிற கிளிப்பை மாட்டினாள். எண்பத்தேழு என்று காட்டியது. வேறு விரலில் மாட்டினாள். எண்பத்தாறு. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நகத்தைக் காட்டினேன். படம் கழுவுகிற மருந்திலேயே கிடந்த கை, பத்து நகமும் பழுப்பு. அந்தக் கிளிப் நகத்தின் வழியாக வெளிச்சத்தை விட்டுத்தான் கணக்கெடுக்கிறது. நகச்சாயம் பூசிய பெண்களுக்கே தப்பாகக் காட்டும், இந்த நகத்துக்கு எப்படிச் சரியாகக் காட்டும் என்று கேட்டேன்.

"அப்ப கால் விரல்ல பாப்பமா சார்?" என்றாள் மற்றவள்.

ஒரு பெண் குனிந்து என் காலைத் தொட விடமாட்டேன் என்று கதவைச் சாத்திவிட்டேன். சாத்திய பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம்தான்.

என் கால் நகத்தில் கறை எதுவும் கிடையாது.

மே 18, செவ்வாய்

ரெத்தினம் போன் செய்தாள். தெளிவாகப் பேசினாள். இருமல் இல்லை. அவள் சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறேன்.

ஊசி போட்டதிலிருந்து சர்க்கரை ஏறிக்கொண்டே போகிறதாம். உடம்பெல்லாம் எரிகிறதாம், கண் மங்குகிறதாம். பக்கத்துக் கட்டிலில் இருந்த டீச்சரம்மாவைக் காலையில் துணியில் சுற்றி எடுத்துப் போனார்களாம். வராந்தாவில் ஒரு பெண் கட்டில் கிடைக்காமல் தரையில் சிலிண்டரோடு கிடக்கிறாளாம், பாத்ரூமுக்குப் போகும்போதெல்லாம் அவளைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறதாம். "அவ மொகத்தப் பாக்க முடியலைங்க. நான் இங்க கொழுக்கட்ட மாதிரி உக்காந்திருக்கேன்."

பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்குக் காய்ச்சல்ல புத்தி பெசகிருச்சுன்னு டாக்டரம்மாகிட்ட சொன்னியளாமே."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"மறதி ரொம்ப நாளாவே உண்டுன்னும் சொன்னியளாம். அந்தப் பிள்ள இப்ப என்கிட்ட என்ன கெழம, என்ன மாசம்னு கேட்டுக்கிட்டு இருக்கா."

லைன் சரியில்லை என்றேன்.

"லைன் நல்லாத்தான் இருக்கு. நீங்க பேசுறது எனக்குக் கேக்கு. ரெண்டு வார்த்தைக்கு ஒருக்க நிக்கிய. வந்துருங்க. பயமாத்தான் இருக்கும், எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. வந்துருங்க, நான் யார்கிட்டயும் எதுவும் சொல்லமாட்டேன்."

எனக்கு என்ன பயம் என்று கேட்டேன். அவள் பதில் சொல்வதற்குள் நான் போனை வைத்துவிட்டேன்.

எனக்குப் பயம் இல்லை. அங்கே போகிறவர்களுக்கு என்ன ஆகிறது என்று தெரியும், அவ்வளவுதான். தெரிந்திருப்பதைப் பயம் என்று சொல்லக்கூடாது.

நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குகிறேன். படுத்தால் சரியாக வரவில்லை.

மே 19, புதன்

காலையில் செல்லக்கனி கேட்டைப் பிடித்து ஆட்டினாள். நான் போனை எடுக்கவில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து அவளுக்குப் போன் செய்திருக்கிறார்கள். ராத்திரி ரெத்தினம் மயங்கி விழுந்துவிட்டாளாம். சர்க்கரை கருவியில் எண்ணே வராத அளவுக்கு ஏறிவிட்டதாம். தீவிர சிகிச்சைக்கு மாற்றியிருக்கிறார்களாம்.

"கொரோனாவால இல்ல அண்ணாச்சி, ஊசியாலயாம். அந்த டாக்டரம்மா போன்ல அழுதிருச்சு," என்றாள்.

உள்ளே வந்தேன். பீரோவின் மேலிருந்து கவரை எடுக்க ஸ்டூலில் ஏறினேன். ஏறியதும் கண் இருட்டியது. இறங்கி உட்கார்ந்திருந்துவிட்டு, மறுபடி ஏறி எடுத்தேன். ரெத்தினம் என்று பெயர் போட்ட கவர். கிழக்கு ஜன்னலின் திரையை விலக்கிக் கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்தேன். வெளிச்சம் நன்றாகவே இருந்தது. இந்த ஒரு வாரமும் நன்றாகவே இருந்திருக்கும்.

இந்த ஸ்கேன் படத்தில் நெஞ்சைக் குறுக்கே அரிந்து அரிந்து வைத்ததுபோல் சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கும். முதல் கட்டத்தில் மட்டும் ஆளை நேராகப் பார்த்து எடுத்த ஒரு படம், எங்கள் பழைய எக்ஸ்ரேபோல. அது எனக்குப் படிக்கத் தெரியும்.

பெண்ணின் படமென்றால் நுரையீரலின் கீழ்ப்பக்கத்தில் மார்பின் நிழல் மெல்லிய வளைவாக இரண்டு பக்கமும் விழும். எவ்வளவு வயதானாலும், எவ்வளவு மெலிந்தாலும் விழும். இதில் இல்லை. இடது காறை எலும்பின் நடுவில் ஒரு முடிச்சு. மருந்துக் கேனைச் சைக்கிளில் கட்டி வரும்போது பழைய பாலத்தடியில் விழுந்து உடைந்து, சரியாகச் சேராமல் ஒட்டிய எலும்பு. அன்றைக்கு அதை நானே கழுவினேன், ஒரு கையால்.

அடுத்த கட்டங்களையும் பார்த்தேன். படத்தில் கறுப்பு என்றால் காற்று. வெள்ளை என்றால் காற்று போகாத இடம். இதில் இரண்டும் இல்லாத ஒரு நிறம். கொதிக்கிற பானையின் முன்னால் கண்ணாடியைப் பிடித்தால் ஆவி படருமே, அது. ஓரத்திலும் முதுகுப் பக்கத்திலும், இரண்டு பக்கமும், கீழே போகப் போக அடர்த்தியாக. குறிப்பில் நோயின் அளவு இருபத்தைந்துக்குப் பதினாறு என்று போட்டிருந்தது. அது போன புதன்கிழமை. இன்றைக்கு எவ்வளவு என்று கட்டத்தில் இல்லை.

மற்றக் கவரையும் பிரித்தேன். தவமணி என்று பெயர். வளைவுகள் இரண்டும் இருந்தன. நெஞ்சு முழுக்க நல்ல கறுப்பு. அவ்வளவு சுத்தமான படத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

அந்த மையத்துக்காரன் பெயர் கேட்டிருக்க வேண்டும். படம் பார்த்துக் குறிப்பெழுதிய டாக்டர் முதல் கட்டத்தை ஒழுங்காகப் பார்த்திருந்தால் இது ஆண் என்று அவருக்கே தெரிந்திருக்கும். அவர்கள் மேல் தப்பு உண்டு. அதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

ஆனால் அந்த டாக்டர் பெண் என்னைக் கேட்டாள். சனிக்கிழமையே கேட்டாள்.

மே 19, மத்தியானம்

டாக்டர் நிலோபருக்கு நானே போன் செய்தேன்.

"அந்தப் படம் என்னோடது," என்றேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் பதிலுக்குச் சொல்ல இரண்டொன்று வைத்திருந்தேன்.

"பேசாதீங்க ஐயா. நடக்காதீங்க. கதவைத் திறந்து வச்சிட்டு உக்காருங்க, வண்டி அனுப்புறேன்," என்றாள்.

ரெத்தினம் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். கண் திறந்திருக்கிறாள், சர்க்கரை இறங்க ஆரம்பித்திருக்கிறது, ஊசியை நிறுத்திவிட்டோம், அதற்குமேல் இப்போது சொல்ல முடியாது என்றாள்.

கேஸை மூடினேன். மோட்டார் சுவிட்சை அணைத்தேன். சட்டை மாற்றப் போனேன், பொத்தான் போட முடியவில்லை. செல்லக்கனி கேட்டுக்கு உள்ளே வந்துவிட்டாள். வராதே என்றேன். "சும்மா இருங்க அண்ணாச்சி," என்று சொல்லிப் பொத்தானைப் போட்டுவிட்டாள்.

நகத்தைப் பார்த்தேன். பழுப்புக்கு அடியில் நீலம்.

மே 20, வியாழன்

கட்டில் கிடைத்தது. ரெத்தினம் இருந்த கட்டில். விரிப்பை மாற்றவில்லை.

வராந்தாவில் தரையில் கிடந்த பெண்ணைப் பற்றிக் கேட்டேன். நர்ஸ் முகமூடியின் ரப்பரை என் காதில் இழுத்து மாட்டினாள்.

குப்புறப் படுக்கச் சொல்கிறார்கள். அப்படி எழுத முடியவில்லை.

மே 21, வெள்ளி

படுக்கையிலேயே வைத்து எடுக்கிற சின்ன இயந்திரத்தால் நெஞ்சுப்படம் எடுத்தார்கள். நிலோபர் தன் போனில் பார்த்தாள். காட்டட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று தலையசைத்தேன். என் வாழ்நாளில் ஒரு படத்தை வேண்டாம் என்றது இதுதான்.

அவள் முகத்தில் கவசம் இருந்தது. படத்தில் என்ன என்று அவள் கண்ணிலேயே தெரிந்தது.

மே 22, சனி

கொஞ்சம்தான் எழுத முடியும்.

ரெத்தினம் வந்தாள். தீவிர சிகிச்சையிலிருந்து நேற்று வெளியே விட்டார்களாம், இதே மாடி. சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தாள். முகம் வீங்கியிருக்கிறது. ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்கிறாள், அந்தக் கண்ணில் இன்னும் சரியாகத் தெரியவில்லையாம். கட்டிலருகே நின்றாள். தொடவில்லை. என் தலையணையைச் சரிசெய்தாள், தண்ணீர் பாட்டிலை எட்டுகிற இடத்தில் வைத்தாள். நர்ஸிடம் மட்டும், இவருக்கு இடது பக்கம் சாய்ந்து படுத்தால் தோள் வலிக்கும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பிறகு நிலோபர் வந்து ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். முகமூடிக் காற்று இனி போதாது என்றாள். தொண்டைக்குள் குழாய் போட்டு இயந்திரத்தில் வைக்கலாம். அப்படி வைத்தவர்களில் திரும்பி வந்தவர்கள் குறைவு, உங்கள் வயதில் இன்னும் குறைவு. வைக்காவிட்டால் இப்படியே போராட வேண்டும், அதுவும் எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. மறைக்காமல் சொன்னாள். அதற்காக அவளை மதிக்கிறேன்.

"நீங்க களைச்சுப் போயிட்டீங்க. திடீர்னு நினைவு தப்பலாம். அப்போ உங்களுக்காக முடிவு சொல்ல ஒரு ஆள் வேணும். உங்க வீட்டம்மாவை நான் கேக்கலாமா?" என்றாள். கொஞ்சம் தயங்கினாள். "அவங்களுக்குக் குழப்பம்னு நீங்க சொன்னது இன்னும் கேஸ் ஷீட்ல இருக்கு. அதனால கேக்கறேன்."

முகமூடியைத் தூக்கினேன். நர்ஸ் தடுக்க வந்தாள். நிலோபர் அவளை நிறுத்தினாள்.

"அவளுக்குக் குழப்பம் இல்ல," என்றேன். "ஒரு நாளும் கிடையாது. நான் சொன்னது பொய்." மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னேன். "அதை அடிச்சுட்டு எழுதுங்க. இனிமே எதுன்னாலும் அவளைக் கேளுங்க. அவ சொல்றதுதான்."

என் முன்னால் வைத்தே அடித்து எழுதினாள். பிறகு எழுந்து போனாள்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் இரண்டு பேரும் நிற்கிறார்கள். நிலோபர் பேசுகிறாள், கையால் தொண்டையைக் காட்டுகிறாள். ரெத்தினம் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஒருமுறை இந்தப் பக்கம் பார்த்தாள். நல்ல கண்ணால் பார்த்தாளா, மற்றதாலா என்று இங்கிருந்து தெரியவில்லை.

நாற்பது வருடத்துக்கு மேல் கூடவே இருந்தவள். என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியவில்லை.

நிலோபர் பேசி முடித்துவிட்டாள். ரெத்தினம் இன்னும் வாய் திறக்கவில்லை.